போருக்கு முந்தைய அமெரிக்கக் காங்கிரஸ்: எண்ணிக்கை யார் பக்கம் இருந்தது?

கேள்வி இதுதான்: "உள்நாட்டுப் போர் மூள்வதற்கு முன் அமெரிக்கக் காங்கிரசில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது? அதிபர் பதவியோடு காங்கிரசும் லிங்கனின் குடியரசுக் கட்சியின் கைக்குப் போய்விட்டதால்தானே தென் மாநிலங்கள் பிரிந்தன?"

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. லிங்கன் வென்ற நாளில் குடியரசுக் கட்சிக்கு இரண்டு சபைகளில் எதிலும் பெரும்பான்மை கிடையாது. அவர் பதவியேற்ற பிறகு அமையவிருந்த அடுத்த காங்கிரசிலும், தென் மாநில உறுப்பினர்கள் தங்கள் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தால், கிடைத்திருக்காது. அந்தக் கட்சிக்குக் காங்கிரசைக் கொடுத்தது வாக்காளர்களைவிட, எழுந்து வெளியேறிய தென்னக உறுப்பினர்கள்தான். பள்ளிப் பாடங்களில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்தக் காங்கிரசைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். போருக்கு முன் கடைசியாக இருந்தது 36ஆவது காங்கிரஸ். அதன் காலம் 1859 மார்ச் 4 முதல் 1861 மார்ச் 3 வரை. அன்றைக்கு நாடு முழுவதும் ஒரே நாளில் காங்கிரஸ் தேர்தல் நடக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வசதியான தேதியில் நடத்தியது. சில மாநிலங்கள் காங்கிரசின் காலம் தொடங்கிய பிறகு, 1859இல்தான் வாக்களித்தன. எல்லோரும் தேர்வாகிக் கூடியது 1859 டிசம்பர் 5ஆம் தேதி. லிங்கன் 1860 நவம்பர் 6ஆம் தேதி வென்றாலும், மார்ச் 4 வரை பியூக்கனன்தான் அதிபர். பழைய காங்கிரசே டிசம்பரில் கடைசிக் கூட்டத்தொடருக்குக் கூடியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்த அந்த நான்கு மாதங்களும் இந்தப் பழைய காங்கிரசின் கண்முன்னேதான் கழிந்தன. செனட் உறுப்பினர்களை அப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதிகள் சபையில் 237 இடங்கள். பழைய கணக்கொன்று குடியரசுக் கட்சிக்கு 109, ஜனநாயகக் கட்சிக்கு 101, மற்றவர்களுக்கு 27 என்று சொல்கிறது. இன்றைய அதிகாரபூர்வப் பட்டியல்கள் குடியரசுக் கட்சிக்கு 116 வரை கொடுக்கின்றன. ஜனநாயகக் கட்சியின் எண்ணைக் குறைத்து, "மற்றவர்கள்" என்ற வரிசையை நீளமாக்குகின்றன. இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. அன்று கட்சிகளே உடைந்து உருகிக்கொண்டிருந்தன. ஒருவர் பழைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியில் வளர்ந்து, குடியேறிகளுக்கு எதிராகக் கிளம்பிய அமெரிக்கக் கட்சியின் ஆதரவில் வென்று, சபைக்கு வந்தபின் குடியரசுக் கட்சியோடு வாக்களிப்பார். அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்பது எண்ணுகிறவரின் முடிவு. ஆனால் ஒரு விஷயம் எந்தக் கணக்கிலும் மாறாது: பெரும்பான்மைக்கு 119 வேண்டும், அது யாரிடமும் இல்லை.

அந்த 101 ஜனநாயகக் கட்சியினரும் ஒரே அணி அல்ல. கான்சாஸ் மாநிலத்தை அடிமை முறையை ஏற்கும் அரசமைப்போடு சேர்த்துக்கொள்ள பியூக்கனன் 1858இல் வலிந்து முயன்றார். அதை எதிர்த்து நின்ற சொந்தக் கட்சிக்காரர்கள் 13 பேர் இந்த எண்ணுக்குள் அடக்கம். "மற்றவர்கள்" என்ற அந்த 27 பேரில் பெரும்பாலோர் தென் மாநிலங்களையும் வடக்கை ஒட்டிய எல்லை மாநிலங்களையும் சேர்ந்த பழைய விக் கட்சிக்காரர்கள், அல்லது அமெரிக்கக் கட்சியின் மிச்சம். வட கரோலினாவின் ஜான் கில்மர், டென்னசியின் ஹொரேஸ் மேனார்ட், மேரிலாந்தின் ஹென்றி வின்டர் டேவிஸ் போன்றவர்கள் இவர்கள். அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்தான், ஆனாலும் பிரிவினையை விரும்பாதவர்கள். தராசின் முள் இவர்களிடம் இருந்தது.

இந்த நிலை எப்படி வந்தது? 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் நிறைவேறியது. அடிமை முறைக்கு மூடியிருந்த, இன்னும் மாநிலமாகாத மேற்குப் பிரதேசங்களை அது திறந்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் வடக்கே ஜனநாயகக் கட்சி தன்னிடமிருந்த 91 இடங்களில் 66ஐ இழந்தது. விக் கட்சி அடியோடு சரிந்தது. அந்த இடிபாட்டிலிருந்துதான் குடியரசுக் கட்சி எழுந்தது. அதுவரை இரண்டு பெரிய கட்சிகளிலும் வடக்கத்திக்காரரும் தெற்கத்திக்காரரும் கலந்திருந்தார்கள். கட்சிக்குள்ளேயே பேரம் பேசி முடிவுக்கு வர முடிந்தது. இப்போது ஒரு கட்சி ஏறத்தாழ முழுக்க வடக்கைச் சேர்ந்தது. இன்னொன்றில் தெற்கின் குரலே மேலோங்கியது. என் பார்வையில் இடங்களின் எண்ணிக்கையைவிட ஆபத்தானது இந்தப் பிளவுதான். சபையில் தோற்றவருக்கு எதிரே நின்றது இன்னொரு கட்சி மட்டுமல்ல, இன்னொரு நிலப்பகுதி.

அதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சபாநாயகர் தேர்தலைப் பார்க்க வேண்டும். அடிமைகளை ஆயுதம் ஏந்த வைப்பதற்காக ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிய ஜான் பிரவுனை 1859 டிசம்பர் 2ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மூன்று நாள் கழித்துச் சபை கூடியது. குடியரசுக் கட்சி ஓகையோவின் ஜான் ஷெர்மனை நிறுத்தியது. உடனே மிசௌரியின் ஜான் கிளார்க் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். வட கரோலினாக்காரரான ஹின்டன் ஹெல்பர் 1857இல் ஒரு நூல் எழுதியிருந்தார்; அடிமைகளை வைத்திருக்காத ஏழை வெள்ளையர்களை அடிமை முறையே நசுக்குகிறது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வைத்தே வாதிட்டது அது. அதன் சுருக்கப் பதிப்பைப் பரப்புவதற்கு ஆதரவாகக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 68 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஷெர்மனும் அவர்களில் ஒருவர். அந்த நூலை ஆதரித்த எவரும் சபாநாயகர் ஆகத் தகுதியற்றவர் என்றது கிளார்க்கின் தீர்மானம். நூலைத் தாம் படித்ததே இல்லை என்று ஷெர்மன் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு டிசம்பர் முழுவதும் நடந்தது, ஜனவரி முழுவதும் நடந்தது. முந்தைய சபையின் செயலர் நாற்காலியில் உட்கார்ந்து ஒழுங்கு காக்க முயன்றார். சபாநாயகர் இல்லாமல் ஒரு மசோதாவைக்கூட எடுக்க முடியாது. அதற்கு முந்தைய காங்கிரஸ் தபால் துறைக்கு நிதி ஒதுக்காமலே கலைந்திருந்ததால், தபால் ஒப்பந்ததாரர்கள் காசுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஷெர்மன் ஒருசில வாக்குகள் குறைவாக நின்றார். ஜனவரி இறுதியில் வட கரோலினாவின் வில்லியம் ஸ்மித் பின்னால் எதிரணியினர் திரண்டபோது, கதவு திறந்தேவிட்டது போலிருந்தது, அதுவும் கைகூடவில்லை. கடைசியில் ஷெர்மன் விலகினார். நியூ ஜெர்சியின் வில்லியம் பென்னிங்டனை நிறுத்தினார்கள். முன்னாள் ஆளுநர்தான், ஆனால் இந்தச் சபைக்குப் புதியவர். 1860 பிப்ரவரி 1ஆம் தேதி, 44ஆவது சுற்றில், 117 வாக்குகள் பெற்று வென்றார். பதிவான வாக்குகள் 233; வெற்றிக்குத் தேவைப்பட்டதும் சரியாக 117தான். அந்த 117இல் ஒன்று மேரிலாந்தின் ஹென்றி வின்டர் டேவிஸ் போட்டது. அடிமை மாநிலத்துப் பிரதிநிதி குடியரசுக் கட்சி ஆளுக்கு வாக்களிப்பதா என்று மேரிலாந்துச் சட்டமன்றம் அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் அசையவில்லை. இந்தக் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மதிப்பில் உயர்ந்து நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

அவைக்குள் நிலவிய சூழலைச் சொல்லாமல் எண்களை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1856இல் செனட் அவைக்குள்ளேயே, மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் ரத்தம் ஒழுக அடித்து வீழ்த்தினார். 1860 ஏப்ரலில் இலினாயின் ஓவன் லவ்ஜாய் அடிமை முறையைக் கண்டித்துப் பேசினார். அதே காரணத்துக்காக எழுதிவந்த அவருடைய அண்ணன் எலைஜாவை 1837இல் ஒரு கும்பல் கொன்றிருந்தது. பேசிக்கொண்டே அவர் எதிர்வரிசைப் பக்கம் நகர்ந்தபோது, வர்ஜீனியாவின் ரோஜர் பிரையர் எழுந்து வந்து மறித்தார். விஸ்கான்சினின் ஜான் பாட்டர் லவ்ஜாய்க்குத் துணைநின்றார். பிரையர் பாட்டரை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். பாட்டர் ஒப்புக்கொண்டு, ஆயுதமாக நீளக் கத்தியைக் கேட்டார். அது காட்டுமிராண்டித்தனம் என்று பிரையரின் தரப்பு மறுத்ததால் சண்டை நடக்கவில்லை. இரு சபைகளிலும் கைத்துப்பாக்கி இல்லாமல் வருபவர் எவருமில்லை என்று தென் கரோலினா செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட் அந்த மாதங்களில் கடிதத்தில் எழுதினார்.

செனட்டின் கணக்கு இதைவிடத் தெளிவானது. 33 மாநிலங்கள், 66 இடங்கள். 1860 இறுதியில் முழுப் பலத்தில் ஜனநாயகக் கட்சி 38, குடியரசுக் கட்சி 26, அமெரிக்கக் கட்சி 2. அந்த இருவர் கென்டக்கியின் ஜான் கிரிட்டெண்டனும் மேரிலாந்தின் அந்தோணி கென்னடியும். 38 பேரில் 28 பேர் அடிமை மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அடிமை முறை இல்லாத "சுதந்திர" மாநிலங்களிலிருந்து வந்த ஜனநாயகக் கட்சியினர் பத்துப் பேர் மட்டுமே. அந்தப் பத்துப் பேரில் பெரியவரான ஸ்டீபன் டக்ளசைத் தென்னகத்தார் தங்கள் விரோதியாகவே நடத்தினார்கள். கான்சாஸ் விவகாரத்தில் பியூக்கனனை எதிர்த்ததற்காக, பிரதேசங்களுக்கான குழுவின் தலைவர் பதவியை 1858 டிசம்பரில் அவரிடமிருந்து பறித்தார்கள். குடியரசுக் கட்சியின் 26ஆவது இடம் கடைசி நேரத்தில் வந்தது: 1860 அக்டோபரில் ஓரிகன் சட்டமன்றம் எட்வர்ட் பேக்கரைத் தேர்ந்தெடுத்தது. லிங்கன் தம் இரண்டாவது மகனுக்குப் பெயர் வைத்தது இந்த நண்பரை நினைத்துத்தான். 1861 அக்டோபரில் பால்ஸ் பிளஃப் போர்க்களத்தில் பேக்கர் கொல்லப்பட்டார். பதவியில் இருந்தபடியே போரில் மாண்ட செனட்டர் அவர் ஒருவர்தான்.

மாநிலங்களின் எண்ணிக்கையில் 1850க்கு முன் சுதந்திர மாநிலங்கள் 15, அடிமை மாநிலங்கள் 15 என்று சமநிலை இருந்தது. கலிஃபோர்னியா, மின்னசோட்டா, ஓரிகன் மூன்றும் சேர்ந்ததும் 18க்கு 15 ஆனது. தெற்கு அஞ்சியது இந்த நகர்வைக் கண்டுதான்.

பிரதிநிதிகள் சபையில் அடிமை மாநிலங்களுக்கு 90 இடங்கள், சுதந்திர மாநிலங்களுக்கு 147. அந்த 90 எப்படி வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாக்குரிமை இல்லாத, விற்று வாங்கப்பட்ட அடிமை மக்களில் ஐந்தில் மூன்று பங்கை மாநிலத்தின் மக்கள்தொகையோடு சேர்த்துக்கொள்ள அரசமைப்பு அனுமதித்தது. 1850 கணக்கெடுப்பில் அவர்கள் 32 லட்சம் பேர். ஐந்தில் மூன்று என்றால் 19 லட்சம். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 93,000 பேர் என்ற அளவில் வகுத்தால் சுமார் 20 இடங்கள். தங்கள் உழைப்பையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மக்களின் தலைக்கணக்கில், அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த இருபது வாக்குகள் அவை. அவற்றைக் கழித்துப் பாருங்கள்: 217 இடங்கள் மிஞ்சும், பாதியைத் தாண்ட 109 போதும். குடியரசுக் கட்சியின் மிகக் குறைந்த எண்ணிக்கையே 109. சபாநாயகர் நாற்காலிக்காக இரண்டு மாதம் நடந்த இழுபறியின் வேர் இந்த ஐந்தில் மூன்றில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி 1860 தேர்தல். ஜனநாயகக் கட்சி சார்ல்ஸ்டன் மாநாட்டில் உடைந்து, வடக்கின் வேட்பாளர் டக்ளஸ் ஒரு பக்கம், தெற்கின் வேட்பாளர் பிரெக்கின்ரிட்ஜ் ஒரு பக்கம் என்று நின்றது. லிங்கன் மொத்த வாக்கில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களில் 180 பேரின் வாக்குகளோடு வென்றார். ஆனால் காங்கிரஸ் தேர்தல்களில் அவர் கட்சிக்கு இடங்கள் கூடவில்லை, குறைந்தன. அடுத்த காங்கிரசில் அதற்கு வாய்த்தது ஏறத்தாழ 108 இடங்கள். முழுச் சபையில் பெரும்பான்மைக்கு 120 வேண்டும். செனட்டில் 31, கான்சாசையும் சேர்த்த 68 பேர் கொண்ட முழு அவையில் 35 வேண்டும். நாடாளுமன்ற ஆட்சிமுறையில் பழகிய நமக்கு, பெரும்பான்மை இல்லாதவர் எப்படி அரசு அமைப்பார் என்று தோன்றும். அங்கே அதிபர் தனி, காங்கிரஸ் தனி. காங்கிரஸ் எதிராக இருந்தாலும் அதிபர் பதவியில் தொடர்வார், ஆனால் சட்டமோ பணமோ செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் நியமனமோ எளிதில் கிடைக்காது.

இதை அன்றைக்கே விரல்விட்டு எண்ணிச் சொன்னவர் ஒரு தென்னகத்தார். 1860 நவம்பர் 14ஆம் தேதி இரவு, ஜார்ஜியாவின் அன்றைய தலைநகரான மில்லெட்ஜ்வில்லில், சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் பேசினார். லிங்கனால் என்ன செய்துவிட முடியும் என்பதே அவர் கேள்வி. பிரதிநிதிகள் சபையில் அவருக்கு எதிராகப் பெரிய பெரும்பான்மை இருக்கிறது. செனட்டிலும் நான்கு பேர் அதிகமாக எதிரே இருப்பார்கள். செனட் ஒப்புக்கொள்ளாமல் ஓர் அதிகாரியைக்கூட அவரால் நியமிக்க முடியாது. அவரை இந்த நிலையிலிருந்து விடுவிக்கக் கூடிய ஒரே வழி, நாமே செனட்டர்களைத் திரும்ப அழைத்துக்கொள்வதுதான். இந்தப் பேச்சின் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஸ்டீபன்சும் அடிமை முறையின் ஆதரவாளர்தான் என்பதை மறக்க வேண்டாம். அந்த முறையைக் காக்க ஒன்றியமே நல்ல அரண் என்றுதான் வாதிட்டார். முந்தைய நாள் அதே ஊரில் செனட்டர் ராபர்ட் டூம்ஸ் பிரிவினைக்காக முழங்கியிருந்தார். ஜார்ஜியா டூம்ஸ் பக்கம் சாய்ந்தது. மூன்று மாதத்தில் ஸ்டீபன்சே, பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணை அதிபரானார்.

அப்புறம் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால் அவர் சொன்னது ஒவ்வொன்றாகப் பலித்தது. தென் கரோலினாவின் இரு செனட்டர்களும் நவம்பரிலேயே ராஜினாமா செய்தார்கள். டிசம்பர் 20ஆம் தேதி அந்த மாநிலம் பிரிந்தது. ஜனவரியில் மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா. பிப்ரவரி 1ஆம் தேதி டெக்சஸ். சமரசத்துக்காகக் கிரிட்டெண்டன் செனட்டில் திட்டம் வைத்தார்: 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்குத் தெற்கே பிரதேசங்களில் அடிமை முறைக்கு அரசமைப்புப் பாதுகாப்பு. குடியரசுக் கட்சி இதை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து. ஆனாலும் ஜனவரி 16ஆம் தேதி என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தத் திட்டத்தை ஓரங்கட்டும் திருத்தம் ஒன்றைக் குடியரசுக் கட்சியினர் கொண்டுவந்தார்கள். அது 25க்கு 23 என்று நிறைவேறியது. தென் மாநிலச் செனட்டர்கள் ஆறு பேர் அவைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வாக்களிக்க மறுத்தார்கள். அவர்கள் வாக்களித்திருந்தால் அந்தத் திருத்தம் தோற்றிருக்கும். தங்கள் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜனவரி 21ஆம் தேதி செனட்டின் பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. புளோரிடாவின் யூலியும் மல்லோரியும், அலபாமாவின் கிளேயும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் விடைபெற்றார்கள். கடைசியாக மிசிசிப்பியின் ஜெபர்சன் டேவிஸ், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் எழுந்து, தம் மாநிலம் பிரிந்துவிட்டதால் தம் பணி முடிந்தது என்றார். விவாதச் சூட்டில் யாரையேனும் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கக் கேட்டார். ஐந்து பேரும் வெளியேறினார்கள். அதே நாளில், நெடுங்காலம் இழுத்துக்கொண்டிருந்த மசோதா ஒன்றை செனட் நிறைவேற்றியது: அடிமை முறை இல்லாத மாநிலமாகக் கான்சாசைச் சேர்க்கும் மசோதா. ஜனவரி 29ஆம் தேதி பியூக்கனன் கையெழுத்திட, கான்சாஸ் 34ஆவது மாநிலமாயிற்று. ஏழாண்டுக் காலம், ரத்தம் சிந்தி, இரண்டு கட்சிகளை உடைத்த ஒரு வழக்கு, ஐந்து நாற்காலிகள் காலியான பிற்பகலில் தீர்ந்தது.

இன்னொரு நிகழ்வு இதைவிடக் கூர்மையானது. ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி பீட்டர் டேனியல் 1860 மே மாதம் இறந்ததால் ஓர் இடம் காலியாக இருந்தது. பியூக்கனன் 1861 பிப்ரவரியில் ஜெரமையா பிளாக்கின் பெயரை அனுப்பினார். தெற்குக்கு அனுசரணையாக நடந்த அரசின் மூத்த அமைச்சர் அவர். செனட் அவரை 26க்கு 25 என்று நிராகரித்தது. ஒரே ஒரு வாக்கு! வெளியேறியவர்களில் இரண்டு பேர் இருந்திருந்தால் அந்த இடம் போயிருக்காது. அதையும் சேர்த்து மூன்று இடங்களை லிங்கன் 1862இல் நிரப்பினார்.

எல்லோரும் வெளியேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூசியானாவின் பிரதிநிதிகள் நால்வரில் ஜான் பூலினி மட்டும் விலக மறுத்து, காங்கிரசின் காலம் முடியும்வரை தம் இடத்திலேயே இருந்தார்.

அப்படியானால் எண்ணிக்கை கையில் இருக்கும்போது தெற்கு ஏன் போனது? கேள்வியின் உண்மையான மையம் இதுதான். காங்கிரஸ் தடுக்க முடியாத ஓர் அதிகாரம் அதிபரிடம் இருந்தது. நாட்டில் அன்று 28,000க்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள். அவற்றோடு சுங்க அதிகாரிகள், அரசு வழக்கறிஞர்கள் என்று பெரும் படை. சிற்றூர்த் தபால் நிலையப் பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு செனட் ஒப்புதல்கூட வேண்டாம். அடிமை எதிர்ப்புப் பத்திரிகைகளைத் தென்னகத் தபால் அதிகாரிகள் 1835 முதலே பட்டுவாடா செய்யாமல் தடுத்துவந்தார்கள். குடியரசுக் கட்சி நியமிக்கும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஹெல்பரின் நூல் வீடு வீடாகப் போகும். அடிமைகளை வைத்திருக்காத வெள்ளையர்கள் தென் மாநிலங்களில் பெரும்பான்மை. பதவி ஆசை காட்டி அவர்களைத் திரட்டினால், மேரிலாந்திலும் மிசௌரியிலும் தொடங்கி, தெற்குக்குள்ளேயே குடியரசுக் கட்சி வேர்விடும். டூம்ஸ் போன்றவர்கள் அஞ்சியது வாஷிங்டனில் எழும் கைகளைவிட, தங்கள் ஊர்களில் எழக்கூடிய கைகளைத்தான். இதனோடு காலக் கணக்கும் சேர்ந்தது. 1860 கணக்கெடுப்பில் வடக்கின் மக்கள்தொகை பெருகியிருந்தது. அடுத்த பங்கீட்டில் தெற்கின் பங்கு மேலும் சுருங்கும். இன்று தடுக்கலாம், பத்தாண்டு கழித்துத் தடுக்க முடியாது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அவர்கள் போனபின் நடந்தவை விரைவானவை. உயர் சுங்கவரிச் சட்டம், முந்தைய ஆண்டு மே மாதம் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டில் முடங்கிக் கிடந்தது. 1861 பிப்ரவரி 20ஆம் தேதி அங்கும் நிறைவேறியது. உழவருக்கு இலவச நிலம் தரும் மசோதாவை 1860 ஜூன் மாதம் பியூக்கனன் தம் அதிகாரத்தால் தடுத்திருந்தார். 1862 மே 20ஆம் தேதி அது சட்டமானது. பசிபிக் ரயில்பாதை, தலைநகரில் அடிமை ஒழிப்பு, பிரதேசங்களில் அடிமை முறைக்குத் தடை, எல்லாம் அதே 1862இல்.

தெற்கு தன் இடங்களில் இருந்திருந்தால் அடிமை முறை தப்பியிருக்குமா என்பது இதைத் தொடர்ந்து எழும் கேள்வி. அரசமைப்புத் திருத்தத்துக்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். பதினைந்து மாநிலங்கள் எதிர்த்தால், மொத்தம் அறுபது மாநிலங்கள் ஆகும்வரை எந்தத் திருத்தமும் நிறைவேறாது. இன்றைக்கும் அமெரிக்காவில் ஐம்பதுதான். இன்னும் சொல்லப்போனால், அடிமை முறையை மாநிலங்களுக்குள் காங்கிரஸ் ஒருபோதும் தொடக்கூடாது என்று ஒரு திருத்தத்தையே அந்தப் பழைய காங்கிரஸ் தன் கடைசி நாள்களில் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது: பிரதிநிதிகள் சபையில் 133க்கு 65, செனட்டில் 24க்கு 12. வடக்கத்தியர் பலரும் அதற்கு வாக்களித்தார்கள். தம் பதவியேற்பு உரையில் லிங்கனே அதை ஆட்சேபிக்கவில்லை.

பதின்மூன்றாவது திருத்தம், அதாவது அடிமை ஒழிப்புத் திருத்தம், பிரிந்த மாநிலங்களின் உறுப்பினர் ஒருவரும் இல்லாத பிரதிநிதிகள் சபையிலேயே 1864 ஜூன் 15ஆம் தேதி 93க்கு 65 என்று தோற்றது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1865 ஜனவரி 31ஆம் தேதிதான் 119க்கு 56 என்று தேறியது. அதன்பின் 36 மாநிலங்களில் 27 ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி இருபத்தேழாவதாக ஒப்புதல் தந்தது ஜார்ஜியா. அந்த 27இல் எட்டு மாநிலங்கள், போரில் தோற்று, புதிய அரசு அமைக்கப்பட்ட பழைய கூட்டமைப்பு மாநிலங்கள்.